‘கால் வலி’ என்று எழுதப்பட்ட நோய்

எங்கட வீடுகளில் டொக்டரைக் கேட்காமலே எல்லாரும் சொல்லுகிற ஒரு நோய் விளக்கம் இருக்கிறது: “வயசு போனா உப்பிடித்தான்.” முழங்கால் நோவா, நித்திரை வரேல்லையா, சாப்பாடு இறங்கேல்லையா, எல்லாத்துக்கும் அதுதான் மறுமொழி. சொல்லுகிறவருக்கும் ஆறுதல், கேட்கிறவருக்கும் ஆறுதல். அந்த வசனத்தோடு பெரும்பாலும் கதை முடிந்துவிடும். வருத்தம் மட்டும் முடியாது.

இந்தக் கட்டுரை அப்படி முடிக்கப்பட்ட ஒரு கதையைப் பற்றியது. ஒரு வகை ஹேர்ணியாவைப் பற்றியது என்றும் சொல்லலாம். குடலிறக்கம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் இது வெளியில் தெரியாத குடலிறக்கம். வயதான பெண்களில், அதிலும் மெலிந்த பெண்களில் வருவது. கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வாசித்து முடிக்கும்போது விளங்கும் என்று நினைக்கிறோம்.

நாங்கள் மூன்று பேர், கம்பஸுக்குக் கிட்ட ஒரு வீட்டில் அறை எடுத்து இருக்கிறோம். வீட்டுக்கார ஆச்சிக்கு 81 வயது. பிள்ளைகள் ஐந்து பேர், ஒருவரும் நாட்டில் இல்லை. கனடா, பிரான்ஸ், லண்டன் என்று ஆளுக்கொரு பக்கம். இரவில் வட்ஸ்அப்பில் வருவார்கள். அறை வாடகையைவிட வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் எங்களை வைத்திருக்கிறா. அவவிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறோம். “எழுதுங்கோ, பேரை மட்டும் போடாதேங்கோ” எண்டவா.

ஆச்சிக்குக் கால் உளைவு தொடங்கி ஏழெட்டு மாதம் இருக்கும். வலது கால். அக்கம்பக்கத்தில் எல்லாரும் ஒவ்வொரு வைத்தியம் சொன்னார்கள். நல்லெண்ணெய், சித்தாலேப, நொச்சி இலை அவித்த தண்ணி. கனடா மகன் ஒரு முழங்கால் பட்டி அனுப்பினார். மாதக் கிளினிக்கில் ஆச்சி “கால் உளையுது ஐயா” என்று சொன்னா. கிளினிக் கொப்பியில் ஆங்கிலத்தில் இரண்டு சொல் எழுதப்பட்டது. தமிழில் சொன்னால், ‘கால் வலி’. பனடோலும் கல்சியமும் கிடைத்தன. பிரஷருக்கு வந்த நூறு பேருக்கு நடுவில் ஒரு டொக்டரிடம் கிடைக்கிற நேரம் அவ்வளவுதான்.

எங்களிடம் ஆச்சி சொன்னது வேறு மாதிரி. பின்னேரங்களில் எண்ணெய் பூசிவிடும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுவா. கவட்டுக்கையிருந்து தொடங்கி, தொடையின்ர உள்பக்கத்தால, முழங்கால் மட்டும் ஒரு நரம்பு சுண்டி இழுக்கிற மாதிரி இருக்குமாம். திருவலையில் குந்தியிருந்து தேங்காய் துருவேக்கை நோகாதாம். எழும்பி நிமிரேக்கைதான் உயிர் போகுமாம். இரவில் முழங்காலை மடக்கி, கீழே தலகாணி வைத்துத்தான் படுப்பா. இடைக்கிடை வயிறு பொருமி, ஒரு நாள் சாப்பிடாமல் கிடந்து, பிறகு தானாகவே சரியாகிவிடும். காலும் வயிறும் ஒன்றோடொன்று கதைத்துக்கொண்டிருந்தன என்பது அப்போது வீட்டில் ஒருவருக்கும் தெரிய நியாயமில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை இரவு சத்தி தொடங்கியது. வயிற்றுக்குத்து அலை அலையாக வந்து வந்து போனது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்திலுள்ள ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் ‘கஸ்ரிக்’ என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பினார்கள். திங்கள் விடியப்புறம் பச்சையாக வந்த சத்தி மண்ணிறமாக மாறியது. வயிறு உடுக்கு மாதிரி இறுகிக்கிடந்தது. வெளிக்குப் போய் இரண்டு நாள். நாங்கள் 1990க்கு அடித்தோம். அம்புலன்ஸ் வந்தது. ஆச்சி அந்த நிலையிலும் “பிள்ளையள், உங்களுக்குச் சோதினை எல்லோ” எண்டவா.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவுடனே குடல் அடைப்பு என்று சொல்லிவிட்டார்கள். மூக்கால் ரியூப் விட்டார்கள், சேலைன் ஏற்றினார்கள். ஆனால் ஏன் அடைத்தது என்றுதான் தெரியவில்லை. சிறுகுடல் அடைபடுவதற்கு முதற் காரணம், முன்பு செய்த ஒப்பரேஷன்களின் தழும்பு உள்ளே நாரைப் போல ஒட்டிக் குடலைப் பிடித்துக்கொள்வது. ஆச்சியின் வயிற்றில் ஒரு தழும்பும் இல்லை. ஐந்தும் சுகப்பிரசவம். அடுத்த சந்தேகம் ஹேர்ணியா. கவட்டிலும் தொப்புளிலும் கை வைத்துப் பார்த்தார்கள். ஒரு கட்டியும் இல்லை.

அப்போது வந்த பெண் டொக்டர் ஒருவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். அரைகுறைத் தமிழில் கேட்டார். “இவங்களுக்குக் கால்ல வலி இருந்ததா? வலி வந்தா எப்படிப் படுப்பாங்க?”

நாங்கள் சொன்னோம். கவட்டிலிருந்து முழங்கால் மட்டும், உள்பக்கம், மடக்கினால் சுகம், நீட்டினால் நோ, வலது பக்கம். அவர் ஆச்சியின் வலது காலை மெதுவாக நீட்டி, வெளிப்பக்கமாக அகட்டி, உட்பக்கமாகத் திருப்பினார். ஆச்சி கத்தின கத்தில் வாட்டே திரும்பிப் பார்த்தது. இடது காலில் அதையே செய்தார். ஒன்றுமில்லை. அன்று மத்தியானமே சி.ரி. ஸ்கானுக்கு அனுப்பினார்கள். இரவு ஒப்பரேஷன்.

*

அந்த டொக்டர் ஒரு கடதாசியில் இடுப்பெலும்பைக் கீறிக்காட்டி எங்களுக்கு விளங்கப்படுத்தினார். பிறகு நாங்களும் தேடி வாசித்தோம். சுருக்கம் இதுதான்.

எங்கட இடுப்பெலும்பின் முன்பக்கத்தில், இரண்டு பக்கமும் இரண்டு பெரிய துளைகள் இருக்கின்றன. எலும்புக்கூட்டின் படத்தைப் பார்த்தால் இரண்டு கண் மாதிரித் தெரியும். உயிரோடு இருக்கும் உடம்பில் அவை திறந்து கிடப்பதில்லை. ஒரு தடித்த சவ்வு மூடியிருக்கிறது. அதனால் அதற்கு இலத்தீனில் வைத்த பெயரும் ‘அடைக்கப்பட்டது’ என்ற கருத்தில்தான் வருகிறது: ஒப்ருறேற்றர். ஆனால் சவ்வு முழுவதுமாக மூடுவதில்லை. மேல் விளிம்பில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு சின்னச் சுரங்கம் விடப்பட்டிருக்கிறது. ஒரு நரம்பும் இரத்தக் குழாய்களும் அதற்குள்ளால் தொடைக்குப் போகின்றன.

அந்தச் சுரங்கத்தில் மிச்ச இடத்தை நிரப்பிவைத்திருப்பது கொழுப்பு. போத்தலுக்குத் தக்கை மாதிரி. ஆள் மெலிய மெலிய அந்தத் தக்கை கரைகிறது. பெண்களின் இடுப்பெலும்பு அகலம். பல பிள்ளைப்பேறுகளில் இடுப்புத் தசைகள் தளர்ந்திருக்கும். நாட்பட்ட இருமலும் மலச்சிக்கலும் உள்ளிருந்து முக்கித் தள்ளும். ஒரு நாள் சிறுகுடலின் ஒரு மடிப்பு அந்த ஓட்டைக்குள் நுழைகிறது. சில நாள் தானாகவே திரும்பி வந்துவிடும். அதுதான் ஆச்சியின் ‘வந்து வந்து போற’ வயிற்றுப் பொருமல். ஒரு நாள் திரும்பி வராது.

உள்ளே போன குடல் பக்கத்திலிருக்கும் நரம்பை நசிக்கும். அந்த நரம்பு தொடையின் உள்பக்கத்துக்குப் போவது. அதனால் நோ வயிற்றில் தொடங்காமல் தொடையில் தொடங்குகிறது. காலை மடக்கினால் நசிவு குறையும், நீட்டினால் கூடும். இந்த அடையாளத்துக்கு 1840களில் இதை எழுதிவைத்த இரண்டு பேரின் பெயர் இருக்கிறது: ஹவ்ஷிப், றொம்பேர்க். ஆனால் எல்லா நோயாளருக்கும் இது வராது. வந்தாலும் மூட்டுவாதம் என்றே பெரும்பாலும் கடந்து போகும்.

இந்த ஹேர்ணியாவை முதலில் விவரித்தவர் பிரெஞ்சுக்காரரான ஆர்னோ டு றொன்சில், ஆண்டு 1724. இதற்கு முதன்முதலில் வெற்றிகரமாக ஒப்பரேஷன் செய்தவர் ஹென்றி ஓப்ரே, ஆண்டு 1851. கண்டுபிடித்துக் கிட்டத்தட்ட முந்நூறு வருசம். இன்றும் பல இடங்களில் வயிற்றைத் திறந்த பிறகுதான் இது என்று தெரியவருகிறது. காரணம் எளிது. மற்ற ஹேர்ணியாக்கள் தோலுக்குக் கீழே புடைத்துக்கொண்டு நிற்கும், தொட்டுப் பார்க்கலாம். இது தொடையின் ஆழத்தில், தசைகளுக்கு அடியில் கிடக்கும். கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தட்டுப்படாது. ஸ்கானில்தான் தெளிவாகத் தெரியும்.

எல்லா ஹேர்ணியாக்களையும் கூட்டினால் இது நூற்றுக்கு ஒன்றும் வராது. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஆறு முதல் ஒன்பது மடங்கு அதிகம். இடது பக்கத்தில் பெருங்குடலின் ஒரு பகுதி வாசலை மறைத்துக்கொண்டு இருப்பதால் வலது பக்கத்தில்தான் கூட வரும். ஆங்கில மருத்துவப் புத்தகங்களில் இதற்கு ஒரு பட்டப்பெயரும் இருக்கிறது. தமிழில் சொன்னால் ‘சின்னக் கிழவிகளின் ஹேர்ணியா’. வாசித்தபோது எங்களுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. பட்டப்பெயர் வைக்கும் அளவுக்குத் தெரிந்த ஆட்களிடம்தான் இது தப்பிப்போகிறது.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. சில நேரம் குடலின் முழு வளையமும் சிக்காமல் சுவரின் ஒரு பக்கம் மட்டும் சிக்கும். அப்போது பாதை முழுதாக அடைபடாது. காற்றும் பிரியும், கொஞ்சம் மலமும் போகும். “வெளிக்குப் போறா, பிறகென்ன” என்று வீட்டில் இருப்பவர்கள் நினைப்பார்கள். சிக்கின துண்டு இரத்தம் கிடைக்காமல் உள்ளே அழுகிக்கொண்டிருக்கும்.

ஆச்சிக்கு அப்படி அழுகத் தொடங்கியிருந்தது. குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, மிச்சத்தைப் பொருத்தி, ஓட்டையைத் தைத்து மூடினார்கள். கையெழுத்து வைக்க உரும்பிராயிலிருந்து அவவின் பெறாமகன் வந்தார். கனடாவும் பிரான்ஸும் லண்டனும் போனில் விழித்திருந்தன. ஐந்து நாள் ஐ.சி.யூ., பிறகு இரண்டு கிழமை வாட். நெஞ்சுச் சளி பிடித்து ஒரு கட்டத்தில் எல்லாரும் பயந்தோம். வயது, மெலிவு, தாமதம் மூன்றும் சேர்ந்தால் இந்த ஒப்பரேஷனிலிருந்து எழும்புவது லேசில்லை. எழும்பாதவர்கள் நிறையப் பேர். ஆச்சி எழும்பினா.

*

இனி எங்கட பாடத்துக்கு வருவோம்.

முதலாம் வருசத்தில் எங்களுக்கு மொழிபெயர்ப்பு ஒரு பாடம். ஒரு சொல்லை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோகும்போது எதெல்லாம் வழியில் விழுந்துபோகிறது என்று படித்தோம். ஆச்சியின் கிளினிக் கொப்பியைப் போல் அதற்கு நல்ல உதாரணம் வேறு கிடைக்காது. ‘கவட்டுக்கையிருந்து முழங்கால் மட்டும் உள்பக்கத்தால சுண்டி இழுக்குது, குந்தினா சுகம், நிமிர்ந்தா உயிர் போகுது’ என்ற வசனம், ‘கால் உளையுது’ ஆகி, ‘கால் வலி’ ஆகியது. டொக்டருக்குத் தேவையாக இருந்ததெல்லாம் விழுந்துபோன பகுதியில்தான் இருந்தது.

நோவைச் சொல்ல எங்கட தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. குத்துது, உளையுது, கடுக்குது, எரியுது, விறைக்குது, சுண்டுது, இடிக்குது, பிடிச்சு இழுக்குது. ஒவ்வொன்றும் வெவ்வேறு நோ. எங்களில் ஒருத்தி மலையகத்திலிருந்து வந்தவள். ‘நாரி’ என்றால் இடுப்பு என்று அவளுக்கு விளங்க முதல் செமிஸ்டர் முழுக்கப் போனது. அப்படியென்றால் வேறு மாவட்டத்திலிருந்து, வேறு மொழியிலிருந்து வருகிற ஒரு டொக்டருக்கு ‘நாரிக்கை பிடிச்சு, கவட்டுக்கை சுண்டுது’ என்பது எப்படி விளங்கும்? அவர் கெட்டிக்காரர்தான். அவருக்குத் தமிழ் வகுப்பில் சொல்லிக்கொடுத்த சொல் ‘வலி’. அதனால் எல்லாமே வலி.

ஆனால் மொழி மட்டும் காரணமில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் கேட்டோம், “ஏன் ஆச்சி கிளினிக்கில இடத்தைச் சரியாச் சொல்லேல்லை?” ஆச்சி எங்களை ஒரு மாதிரிப் பார்த்தா.

“அந்த இடத்தை ஒரு ஆம்பிளைப் பிள்ளைக்குக் காட்டிச் சொல்லுறதே மோனை? பக்கத்தில அவ்வளவு சனம் நிக்குது.”

அதற்குப் பிறகு கேட்க ஒன்றும் இருக்கவில்லை. 81 வருசமாகப் பழகின வெட்கம். ‘கவடு’ என்ற சொல்லே எங்கட வீடுகளில் குரல் தணித்துச் சொல்லப்படுவது. ஆச்சிக்கு மட்டுமில்லை, அம்மாமாருக்கும் அப்படித்தான், எங்களுக்கும் கொஞ்சம் அப்படித்தான். திரை இல்லாத ஒரு அறையில், வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கேட்கத்தக்கதாக, தொடையின் உள்பக்கம் என்று ஒரு கிழவி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? அவ ‘கால்’ என்றா. காலும் சரிதானே.

மூன்றாவது விசயம் அந்தத் தக்கை. ஒப்பரேஷனுக்கு முதல் ஆச்சியின் நிறை 36 கிலோ. ‘ஆச்சி சின்ன உடம்பு’ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். சாமி அறையில் மாட்டியிருக்கும் கலியாணப் படத்தில் ஆச்சி சின்ன உடம்பே இல்லை. பெறாமகன் சொன்ன கணக்கின்படி, 2022இல் மாவும் காஸும் இல்லாத காலத்தில் ஆச்சி இரவுச் சாப்பாட்டை விட்டவா. பிறகு விலை இறங்கினாலும் சாப்பாடு திரும்பி வரவில்லை. பசிக்கேல்லை எண்டா. பல்லும் இல்லை. தனக்கு மட்டும் ஒரு முட்டை அவிப்பது அவவுக்கு வீண்செலவு. காசு இல்லாமல் இல்லை. மாதாமாதம் வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஆனால் எல்லாருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டே பழகின ஒரு பெண்ணுக்கு, போட ஆளில்லாத வீட்டில் சாப்பிடுவதே மறந்துபோகும் போல.

கிழவி மெலிவது எங்கட ஊரில் ஒரு செய்தி இல்லை. பிள்ளை மெலிந்தால் எல்லாரும் கேட்பார்கள். குழந்தைகளுக்கு நிறை பார்த்துக் கோடு கீறுகிற அட்டை இருக்கிறது. ஆச்சிமாருக்கு அப்படியொரு அட்டை இல்லை. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே இந்த நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் 12.4 வீதம். அதற்குப் பிறகு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. எங்கட பக்கத்தில் பிள்ளைகள் எல்லாம் வெளியில், பெரிய வீட்டில் ஒரு ஆச்சி, கேற்றில் பூட்டு. ஒவ்வொரு ஒழுங்கையிலும் இரண்டு மூன்று வீடாவது அப்படி இருக்கும்.

*

இது அரிதான நோய். இதை வாசித்துவிட்டுக் கால் உளைகிற ஒவ்வொரு அம்மம்மாவையும் ஸ்கானுக்குக் கொண்டு ஓடத் தேவையில்லை. முழங்கால் நோ பெரும்பாலும் முழங்கால் நோதான். ஆனால் சிலதைத் தெரிந்துவைத்திருக்கலாம்.

வயதானவருக்குச் சத்தி, அலை அலையாக வயிற்றுக்குத்து, வயிறு ஊதுவது, மலமோ காற்றோ போகாதது, இவை சேர்ந்து வந்தால் அது கஸ்ரிக் என்று வீட்டில் முடிவுகட்டக் கூடாது. ஓமத் தண்ணியும் சோடாவும் குடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் குடல் செத்துவிடும். முன்பு ஒரு ஒப்பரேஷனும் செய்யாத, மெலிந்த, வயதான பெண் என்றால் இன்னும் கவனம். அவவுக்குத் தொடையின் உள்பக்கம் நோவு இருந்ததா, இதற்கு முதலும் வயிறு இப்படிப் பொருமி அடங்கியதா என்று கேட்டு, அதை டொக்டரிடம் சொல்ல வேண்டும். ஒளிந்திருக்கிற ஹேர்ணியா இது ஒன்றுதான் என்றும் இல்லை. தொடைச்சந்துக்குக் கீழே ஒரு சின்ன உருண்டையாக வரும் தொடை ஹேர்ணியா இதைவிட அதிகம். அதுவும் வயதான பெண்களில்தான் கூட. உடுப்புக்குள் மறைந்திருக்கும், வெட்கத்தில் சொல்லமாட்டார்கள். வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளுக்கு இடையிலேயே புகுந்து கிடக்கிற வேறு ஒரு வகையும் இருக்கிறது. அதற்கும் வெளியில் கட்டி தெரியாமல் போகலாம்.

கிளினிக்குக்குக் கூட்டிப் போக முதல், வீட்டில், ஆட்கள் இல்லாத நேரத்தில், மூன்று கேள்வி கேளுங்கோ. எங்க தொடங்கி எதுமட்டும் நோகுது? எப்பிடி இருந்தா குறையுது? எப்ப கூடுது? சொன்னதை, அவையள் சொன்ன சொல்லிலேயே ஒரு துண்டில் எழுதுங்கோ. பேத்தி, பூட்டி, அறையில் இருக்கிற கம்பஸ் பிள்ளை, யாராவது ஒரு பெண் கூடப் போய் அந்தத் துண்டை நீட்டினால், ஆச்சி வாயால் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவம் படிக்காத எங்களால் செய்யக்கூடிய வேலை அது. மருத்துவ பீடத்தில் இருக்கிற எங்கட நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ‘உளையுது’ என்று ஒரு கிழவி சொன்னால், எங்க என்று இன்னொருமுறை, கொஞ்சம் மெதுவாகக் கேளுங்கோ.

இப்போது ஆச்சியின் நிறை 41 கிலோ. மாதத்தில் ஒருநாள் சந்திக் கடையில் இருக்கிற தராசில் ஏற்றிப் பார்த்து, கலண்டரில் எழுதி, படத்தை எடுத்துப் பிள்ளைகளின் வட்ஸ்அப் குறூப்பில் போடுகிறோம். காலையில் ஒரு முட்டை. அதற்கு ஒவ்வொரு நாளும் சண்டை. “எனக்கென்ன பிள்ளைப்பேறே, முட்டை அவிச்சுத் தாறியள்” என்று பேசிக்கொண்டே சாப்பிடுறா.